கோப்பை மாற்றினால் மின்னூல் ஆகிவிடுமா?

தமிழ் மின்னூல் ஒன்றின் தரத்தை ஒரே நிமிடத்தில் கணித்துவிடலாம். தேடும் பெட்டியில் ‘வெள்ளி’ என்று தட்டிப் பாருங்கள். அடுத்து ‘கௌரவம்’. கதையில் வெள்ளிக்கிழமை வருகிறது என்று உங்களுக்கு நன்றாகத் தெரியும்; ஆனால் தேடலில் ஒன்றும் சிக்காது. பக்கத்தைத் தள்ளிக்கொண்டே போனால் ஓரிடத்தில் ‘வௌ்ளி’ என்று புள்ளி அந்தரத்தில் தொங்க நிற்கும். இதற்கு நேர்மாறான நூல்களும் உண்டு. அவற்றில் வெள்ளி ஒழுங்காக இருக்கும், கௌரவம் மட்டும் ‘கெளரவம்’ ஆகியிருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். வாய்விட்டு வாசிக்கும் செயலி ‘கெ-ள-ர-வ-ம்’ என்று உடைத்துப் படிக்கும்.

இந்தப் பிழை எழுத்தாளர் செய்ததும் அல்ல, மெய்ப்புப் பார்த்தவர் விட்டதும் அல்ல. அச்சுப் புத்தகத்தில் அது கிடையாது. அச்சுக்குப் போன கோப்பை மின்னூலாக மாற்றும்போதுதான் பிறக்கிறது. தமிழில் மின்னூல் தயாரிப்பு இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. ஆனாலும் அதைப் ‘பொத்தானை அழுத்தும் வேலை’ என்று நினைக்கும் பழக்கம் பதிப்பகங்களை விட்டுப் போகவில்லை. உண்மையில் அது ஒரு மறுபதிப்பு. மறுபதிப்புக்கு உரிய பதிப்பாசிரியர் இல்லாமல் செய்யும்போதுதான் வெள்ளி கெடுகிறது.

ஏன் கெடுகிறது என்பதை அறிய டிடிபி காலத்துக்குப் போக வேண்டும். யூனிகோட் 1991-இலேயே வந்துவிட்டது. தமிழுக்கு அதில் இடமும் இருந்தது. ஆனால் நம் அச்சகங்களும் டிடிபி நிலையங்களும் பேஜ்மேக்கரில் வேலை செய்தன. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. எனவே ஒவ்வொரு மென்பொருள் நிறுவனமும் ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் எழுத்துகளின் துண்டுகளைத் தன் விருப்பப்படி உட்கார வைத்தது. ஸ்ரீலிபி ஒரு விதம், வானவில் ஒரு விதம், இலங்கையில் எங்கும் பரவிய பாமினி இன்னொரு விதம். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு தரங்களை அறிவித்தது. இணையத்தில் இயங்கியவர்கள் திஸ்கி என்ற வேறொரு குறியீட்டைக் கைக்கொண்டிருந்தார்கள். யூனிகோடை ஏற்று அரசாணை வந்தது 2010-இல். இன்டிசைன் மென்பொருள் இந்திய எழுத்துகளை முறையாகக் கோக்கத் தொடங்கியது 2012-இல் வந்த அதன் சிஎஸ்6 பதிப்பில்தான். அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவையே விடாமல் பிடித்திருந்த டிடிபி நிலையங்கள் ஏராளம். கைப்பழக்கம் ஒரு காரணம். காசு கொடுத்து வாங்கிய அழகான எழுத்துருக்கள் யூனிகோடில் கிடைக்காதது அதைவிடப் பெரிய காரணம். ஆக, கடந்த முப்பது ஆண்டுத் தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பங்கு ஏதோ ஒரு தனிக் குறியீட்டில் பூட்டிக் கிடக்கிறது.

பழைய எழுத்துருவில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே பதிவாகியிருக்கும். ‘கொடி’ என்பதில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால், அதன்பின் டி. யூனிகோடில் முதலில் க, அதன் பின்னால் ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது எழுத்துருவின் வேலை. மாற்றி என்ற மென்பொருள் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். சுரதா, என்எச்எம் போன்ற மாற்றிகள் இதை நன்றாகவே செய்கின்றன. சிக்கல் ஔகாரத்தில்தான். பழைய எழுத்துருக்களில் ளகரத்துக்கும் ஔகாரத்தின் பின்பகுதிக்கும் பெரும்பாலும் ஒரே துண்டுதான். கொம்பு, வ, ள என்று வரிசையாக வந்தால் அது ‘வெள’வா, ‘வௌ’வா? ஒரு மாற்றி எல்லாவற்றையும் ஔகாரம் என்று கொள்ளும். வெள்ளம் ‘வௌ்ளம்’ ஆகும், வெளியீடு ‘வௌியீடு’ ஆகும். இன்னொன்று எதையுமே ஔகாரமாகக் கொள்ளாது. மௌனம் ‘மெளனம்’ ஆகும்.

தீர்வு எளிது, யாரும் செய்வதில்லை என்பதுதான் குறை. முதலில் எல்லாவற்றையும் பிரித்து எகரமும் ளகரமுமாக ஆக்கிவிட வேண்டும். பிறகு உண்மையான ஔகாரச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போட்டு அவற்றை மட்டும் மாற்ற வேண்டும். தற்கால உரைநடையில் அப்படிப்பட்ட சொற்கள் மிகக் குறைவு: கௌரவம், மௌனம், சௌகரியம், பௌர்ணமி, பௌத்தம், லௌகிகம், யௌவனம், சௌந்தரியம், ரௌத்திரம், கௌதமன், கௌசல்யா, இன்னும் கொஞ்சம். ஒகரத்தோடு ளகரம் சேர்ந்து நிற்கும் ‘ஒளவை’யை ஔவையாக்க வேண்டும், ஆனால் ‘ஒள’ என்று தொடங்கும் எல்லாவற்றையும் கண்மூடி மாற்றினால் வேறு சொல் ஏதாவது மாட்டிக்கொள்ளும். ஒளி, ஒளிந்தான் பக்கமே போகக் கூடாது. பட்டியலை ஒருமுறை போட்டுவிட்டால் பதிப்பகத்தின் எல்லா நூல்களுக்கும் அதுவே போதும்.

இதே வகையில் வேறு சில களைகளும் உண்டு. காலும் ரகரமும் அச்சில் ஒன்றுபோலத் தெரிவதால், தட்டச்சு செய்தவர் அவசரத்தில் ரகரத்துக்குப் பதில் காலைப் போட்டிருப்பார். காகிதத்தில் யாரும் கண்டுபிடிக்க முடியாது, திரையில் புள்ளிவட்டத்தோடு பல்லிளிக்கும். இடையில் வந்த ஆங்கில மேற்கோளை மாற்றி தமிழ் என்றே நினைத்து உருத்தெரியாமல் ஆக்கியிருக்கும். தடித்த எழுத்து, உள்தள்ளல் எல்லாம் வெட்டி ஒட்டும்போது காணாமல் போயிருக்கும். கடிதம், நாட்குறிப்பு, கனவு என்று தனித்து அமைத்த பகுதிகள் கதையோடு கலந்துவிடும். வாசகர் குழம்புவார்; எழுத்தாளர்மேல் பழி விழும்.

அதைவிட முக்கியமான ஒன்றைப் பதிப்பகங்கள் மறந்துவிடுகின்றன: கையில் இருக்கும் கோப்பு அச்சான பிரதியாகவே இருக்கும் என்று உறுதி கிடையாது. அச்சுக்கான டிரேஸ் தாளை எடுத்த பிறகு கண்ட பிழையை அந்தத் தாளிலேயே வெட்டி ஒட்டித் திருத்திய காலம் ஒன்று இருந்தது. கடைசி நேரத்தில் ஆசிரியர் தொலைபேசியில் சொன்ன திருத்தத்தை அச்சகத்திலேயே போட்டிருப்பார்கள். அது பதிப்பகத்தின் கணினிக்குத் திரும்பியிருக்காது. மூன்றாம் பதிப்பில் சேர்த்த முன்னுரை தனிக் கோப்பில் கிடக்கும். எனவே மின்னூல் வேலை தொடங்கும்போது கணினிக்குப் பக்கத்தில் கடைசியாக அச்சான பிரதி ஒன்று இருக்க வேண்டும். எந்தப் பதிப்பு ஆதாரம் என்பதை முதலிலேயே தீர்மானித்து, அதை மின்னூலின் உரிமைப் பக்கத்தில் ஒரு வரியில் சொல்லியும் விட வேண்டும்.

கோப்பே இல்லாத நூல்களின் கதை வேறு. ஈய எழுத்தில் அச்சானவை, அச்சகம் மூடியபோது தொலைந்தவை, நாட்டுடைமையானவை என்று நம் இலக்கியத்தின் பெரும்பகுதி இந்த வகைதான். இங்கே ஸ்கேன் எடுத்து, எழுத்துணரி என்கிற ஓசிஆர் கொண்டு படிக்கவைக்க வேண்டும். ஸ்கேன் குறைந்தது 300 டிபிஐ இருக்க வேண்டும்; அடிக்குறிப்பு நிறைந்த பழைய நூலுக்கு 400 நல்லது. தமிழ் எழுத்துணரிகள் பல காலம் பரிசோதனைக் கூடத்துப் பொருளாகவே இருந்தன. கூகுளின் எழுத்துணரி தமிழைப் படிக்கத் தொடங்கியதும், கட்டற்ற மென்பொருளான டெசராக்ட் 2018-இல் நரம்பியல் வலைப் பின்னலுக்கு மாறியதும் நிலைமையைத் தலைகீழாக்கிவிட்டன. இன்று சுத்தமான ஆஃப்செட் பக்கம் ஒன்றைக் கொடுத்தால் வியக்கும் அளவுக்குச் சரியாக வருகிறது.

ஆனால் இந்த வியப்பில் ஒரு பொறி இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரி என்றால் கேட்க நன்றாயிருக்கும். ஒரு பக்கத்தில் 1,200 எழுத்து என்று வைத்துக்கொள்வோம்; ஒரு பக்கத்துக்கு 12 பிழை, முந்நூறு பக்க நாவலுக்கு 3,600 பிழை. அவற்றில் பல, சொல்லாகவே தோன்றும் பிழைகள். புள்ளி தேய்ந்துபோன ஈய எழுத்தில் ‘பட்டம்’ ‘படடம்’ ஆனால் கண் பிடித்துவிடும். ‘மனம்’ ‘மணம்’ ஆனால் பிடிக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களில் பக்க எண்ணும் பாட்டு எண்ணும் தமிழ் எண்களில் இருக்கும்; ௧ ககரமாகவும் ௨ உகரமாகவும் உள்ளே நுழைந்து பாட்டின் முதல் சீரோடு ஒட்டிக்கொள்ளும். 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணா, றா, னா ஆகியவை சுழித்த வடிவிலும், ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வைத்த வடிவிலும் இருக்கும். எழுத்துணரிக்கு அவற்றைத் தனியாகப் பழக்கியிருக்க வேண்டும். குறியீட்டில் பழையதும் புதியதும் ஒன்றுதான் என்பது இங்கே ஓர் ஆறுதல். ஒருமுறை சரியாகப் படித்துவிட்டால் எந்த வடிவில் காட்டுவது என்பது எழுத்துருவின் பாடு.

எழுத்தைவிடத் தொல்லை தருவது வரியின் முடிவு. ஆங்கில அச்சில் சொல் வரி முடிவில் உடைந்தால் ஒரு சிறுகோடு இருக்கும். தமிழ் அச்சு மரபில் பெரும்பாலும் அது கிடையாது. இடம் தீர்ந்ததும் சொல்லை உடைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவோம். படிப்பவருக்கு இதில் எந்தச் சிரமமும் இல்லை. எழுத்துணரிக்கோ வரி முடிந்தது என்பது மட்டும் தெரியும். சொல் முடிந்ததா என்பது தெரியாது. எல்லா வரிமுடிவிலும் இடைவெளி விட்டால் ‘இருக்கி றான்’ வரும். விடாவிட்டால் ‘அவன்வீட்டுக்கு’ என்று எல்லாம் ஒட்டிக்கொள்ளும். திரை அளவுக்கு ஏற்ப வரிகள் மாறும் மின்னூலில் இந்தப் பிளவு வரியின் நடுவில் வந்து உட்காரும்.

இங்கே கைகொடுப்பது நன்னூல். எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது இறுதியில் வரும் என்று இலக்கணம் வகுத்து வைத்திருப்பதை அப்படியே கணினிக்குச் சொல்லிவிடலாம். ஒரு வரி ண, ழ, ள, ற, ன வரிசையில் தொடங்கினால் அது நிச்சயம் முந்தைய சொல்லின் மீதி. கேள்வியே கேட்காமல் சேர்த்துவிடலாம். ட, ர, ல வந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்; டீயும் ராமனும் லட்சுமியும் நம் உரைநடையில் நடமாடுகிறார்கள். வரி ட், ற் என்று முடிந்தால் பெரும்பாலும் அங்கே சொல் முடியவில்லை. ங், ஞ், ந் என்று முடிந்தாலும் தற்கால நாவலில் சேர்த்துவிடலாம். ‘பெருங் காற்று’, ‘காலந் தாழ்த்தி’ என்று பிரித்து எழுதிய பழைய உரைநடையில் கூடாது. இப்படிக் கணிசமான வரிமுடிவுகளை இயந்திரமே தீர்த்துவிடும். மீதிதான் மனிதருக்கு. ‘தோழர்’ என்று ஒரு வரி முடிந்து ‘கள்’ என்று அடுத்த வரி தொடங்கினால் அகராதியைக் கேட்டுப் பயனில்லை. இரண்டுமே சொற்கள்தான், தோழர்கள் கள்ளுக்கடைக்குப் போய்விடுவார்கள். ‘படித்துக்’ என்று முடிந்து ‘கொண்டிருந்தான்’ என்று தொடங்குவதைச் சேர்ப்பதா, பிரிப்பதா என்பது அந்த நூலின் வழக்கம். வரியின் நடுவில் அதே சொல் எப்படி வந்திருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த வேலையைத் தமிழில் பெரிய அளவில் செய்தவர்கள் தன்னார்வலர்கள் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முதலியோர் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், எழுத்துணரியே இல்லாத நாளில் உலகெங்கும் இருந்த தமிழர்களைக் கையால் தட்டச்சு செய்யவைத்துச் சங்க இலக்கியம் முதல் கல்கிவரை இணையத்தில் ஏற்றியது. அந்த நூல்களே திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு ஒருமுறை இடம் மாறின. 2013-இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் குழு, எழுத்தாளர்களிடம் கிரியேட்டிவ் காமன்ஸ் அனுமதி பெற்று ஈபப் என்ற பொது வடிவத்திலும் கிண்டில் கோப்பாகவும் நூல்களைத் தந்தது. தமிழ் விக்கிமூலத்தின் முறை எனக்கு இவற்றிலெல்லாம் மேலானதாகப் படுகிறது. அங்கே திரையின் ஒரு பாதியில் ஸ்கேன் பக்கம், மறு பாதியில் எழுத்து. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சளாகும். வேறொருவர் மறுபடியும் பார்த்தால்தான் பச்சையாகும். பச்சையான பக்கத்தில் சந்தேகம் வந்தாலும் மூலப் படம் பக்கத்திலேயே இருக்கிறது. காசு வாங்கி மின்னூல் விற்கும் எத்தனை பதிப்பகங்களில் இரண்டு பேர் பார்த்த பச்சைப் பக்கம் இருக்கும்?

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஈழத்தவரின் நூலகம் திட்டமும் பெரும்பாலும் பக்கப் படங்களைத் தருகின்றன. அதைக் குறையாகச் சொல்வது அநியாயம். 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகத்துக்கு முதல் கவலை பாதுகாப்புதான். அதற்குப் படமே சரியான வடிவம். ஆனால் அந்தப் பிடிஎஃபை அப்படியே மின்னூல் என்று கடையில் விற்பது வேறு சங்கதி. ஐந்தரைக்கு எட்டரை அங்குல டெம்மிப் பக்கத்தைக் கைபேசித் திரையில் அடைத்தால் எழுத்து எறும்பாகும். விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமும் இழுக்க வேண்டும். குழந்தைகளுக்கான படக்கதை, சித்திரக்கதை போன்றவற்றுக்குத்தான் நிலைத்த பக்க அமைப்பு பொருந்தும். மற்றதெல்லாம் திரைக்குத் தக்கபடி ஓட வேண்டும்.

ஓடும் எழுத்துக்கான பொது வடிவம் ஈபப். 2007-இல் அதன் இரண்டாம் பதிப்பு, 2011-இல் மூன்றாம் பதிப்பு. இப்போது அதைப் பேணுவது இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி. உள்ளே பிரித்துப் பார்த்தால் ஒரு சிறிய இணையத்தளம்தான்: அத்தியாயங்கள் எச்டிஎம்எல் பக்கங்களாக, அலங்காரம் சிஎஸ்எஸ்ஸாக, படங்கள் தனியாக, எல்லாம் ஒரே ஜிப் பொதியில். கிண்டிலில் 2016 முதல் தமிழ் நூல்கள் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்தன. அங்கேயும் இன்று ஈபப்பையே கொடுத்தால் போதும். வேர்டு கோப்பை நேரடியாக ஏற்றலாம்தான். ஆனால் தலைப்பு என்பதைப் பெரிய தடித்த எழுத்து என்று மட்டும் வேர்டில் காட்டியிருந்தால் கணினிக்கு அது தலைப்பு என்று தெரியாது, பொருளடக்கம் வராது.

பொருளடக்கம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகம், 293 அத்தியாயம். இதை ஒரே நீளப் பட்டியலாகக் கொடுத்தால் விரல் தேயும்வரை தள்ள வேண்டும். பாகத்தைத் தட்டினால் அத்தியாயங்கள் விரியும் அடுக்கு முறை ஈபப்பில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தாமல் விட்ட பதிப்புகளும் இருக்கின்றன.

நாவலுக்கே இப்படி என்றால் உரைநூல்களுக்கு என்ன செய்வது? உ.வே.சாமிநாதையரின் குறுந்தொகைப் பதிப்பு 1937-இல் வந்தது. அவர் மறைந்தது 1942. உரிமைக் காலம் முடிந்து நெடுநாளாகிறது, யாரும் மின்னூலாக்கலாம். நானூற்றொரு பாட்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் மேலே கூற்று, பிறகு மூலம், பிரதிபேதம், பதவுரை, முடிபு, கருத்து, விசேடவுரை, மேற்கோளாட்சி, ஒப்புமைப் பகுதி. ஐயர் இவற்றை எழுத்தின் அளவாலும் இடத்தாலும் பிரித்துக் காட்டினார். அச்சுப் பக்கத்தில் கண் ஓடும்போதே எது எது என்று தெரிந்துவிடும். சாதாரண மாற்றத்தில் இந்த அடுக்கு முழுவதும் தட்டையாகி, மூலம் எங்கே முடிந்து உரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் போகும்.

இங்கே பதிப்பாசிரியர் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் பல. பிரதிபேதத்தை அடிக்குறிப்பு என்று முறைப்படி குறித்துவிட்டால், எண்ணைத் தொட்டதும் அதே திரையில் பெட்டியாக எழும் வசதி பல செயலிகளில் உண்டு. வாசகர் பாட்டை விட்டு நகர வேண்டாம். ஒப்புமைப் பகுதியில் அதே நூலின் வேறு பாட்டைச் சுட்டும் எண்களை இணைப்பாக்கலாம். அச்சில் அதற்காக விரலை நாலு பக்கத்தில் செருகி வைத்துக்கொண்டு படித்தோம். மின்னூல் அச்சைத் தாண்டிப் போகக்கூடிய இடம் இதுதான். பாட்டின் அடி கைபேசியில் மடங்கினால் மடங்கிய பகுதி உள்தள்ளி நிற்க வேண்டும். இல்லையென்றால் நாலு சீர் அடி இரண்டு அடியாகத் தெரிந்து யாப்பே குலையும். சந்தி பிரிப்பதா என்ற கேள்வியும் இங்கே வரும். மர்ரே எஸ். ராஜம் 1950-களில் பழைய நூல்களைச் சந்தி பிரித்து வெளியிட்டபோது எளிதாகப் படிக்க முடிந்தது. மின்னூலில் அதற்கு இன்னொரு பயனும் உண்டு: சொல்லைத் தேடினால் கிடைக்கும். ஆனால் ஐயர் பதிப்பு என்ற பெயரில் வெளியிடும்போது அவர் வைத்த வடிவத்தைச் சொல்லாமல் கலைப்பது முறையாகாது.

நூலின் கடைசியில் இருக்கும் அரும்பத அகராதியைப் பல மின்னூல்கள் அப்படியே வெட்டி எறிந்துவிடுகின்றன. பக்க எண் இல்லாத நூலில் அது எதற்கு என்பது வாதம். ஈபப்பில் அச்சுப் பக்க எண்களைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக உரையில் பதித்துவைக்க ஏற்பாடு இருக்கிறது. அதைச் செய்துவிட்டால் அகராதியின் எண்ணைத் தொட்டுப் போகலாம். ஆய்வு மாணவர் மேற்கோளுக்குப் பக்க எண்ணும் தரலாம். பல்கலைக்கழக நூல்களுக்கு இது கட்டாயம் என்பேன். சிறுகதைத் தொகுப்புக்குத் தேவையில்லை.

வடிவமைப்பில் நம்மவர்கள் செய்யும் தவறு, அச்சுப் பக்கத்தை அப்படியே கொண்டுவர முயல்வது. மின்னூலில் எழுத்தின் அளவும் வகையும் வாசகர் கையில். கறுப்பு எழுத்து என்று கட்டாயப்படுத்தி எழுதிவைத்தால் இரவில் கறுப்புப் பின்னணியில் படிப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. தமிழ் எழுத்துகளின் கொக்கியும் சுழியும் மேலும் கீழும் நீள்வதால் வரி இடைவெளி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாக வேண்டும். சாய்வெழுத்து தமிழ் மரபில் இல்லாத ஒன்று. பெரும்பாலான எழுத்துருக்களில் அதற்கென வரைந்த வடிவமே கிடையாது, இயந்திரம் நேரெழுத்தைச் சாய்த்துக் காட்டும். பார்க்கச் சகிக்காது. நூல் பெயருக்கு மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ போதும். அத்தியாயத் தொடக்கத்தில் பெரிய முதலெழுத்து போட ஆசைப்பட்டால் ‘கொ’ என்று தொடங்கும் அத்தியாயத்தைத் திறந்து பார்க்கவும். சில செயலிகளில் ககரம் மட்டும் பெரிதாகி, கொம்பும் காலும் வேறெங்கோ கிடக்கும்.

இருபுறமும் சமமாக வரிகளை நிரப்புவதும் அச்சின் மிச்சம்தான். ‘போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்’ போன்ற சொல் குறுகிய திரையில் அடுத்த வரிக்குத் தாவினால், முந்தைய வரியில் மூன்று சொல்லுக்கு நடுவே ஆறு ஓடும். அச்சில் சொல்லை உடைத்துச் சமாளித்தோம். திரையில் தானாக உடைக்கும் வசதி தமிழுக்குச் சில செயலிகளில் இருக்கிறது, சிலவற்றில் இல்லை. இருக்கும் இடத்தில் நமக்குப் பழக்கமில்லாத சிறுகோடு வந்து நிற்கும். சிலர் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியைச் செருகி உடைக்க வைக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கும். ஆனால் தேடல் செத்துவிடும், வாய்விட்டு வாசிக்கும் செயலி திக்கும். என் யோசனை: இடப்பக்கம் மட்டும் சீராக வைத்து, வலப்பக்கத்தை அதன் போக்கில் விட்டுவிடலாம். இரண்டு பக்கம் படித்த பிறகு யாரும் அதைக் கவனிப்பதில்லை.

எழுத்துருவைப் பொதிக்குள் வைப்பதற்கு முன் அதன் உரிமத்தைப் படிக்க வேண்டும். அச்சுக்காகக் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவை மின்னூலுக்குள் வைத்து ஊருக்கெல்லாம் கொடுக்க அந்த உரிமம் பெரும்பாலும் இடம் தராது. நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற கட்டற்றவை இருக்கும்போது அந்த வம்பு வேண்டாம்.

உரிமை என்றதும் ஓவியங்களையும் சொல்ல வேண்டும். கல்கியின் எழுத்து நாட்டுடைமை. பொன்னியின் செல்வன் தொடராக வெளிவந்தபோது மணியம் வரைந்த ஓவியங்கள் அந்த ஆணையில் சேராது. மணியம் காலமானது 1968. இந்தியச் சட்டத்தில் படைப்பாளி மறைந்து 60 ஆண்டுவரை உரிமை நீடிக்கும். அது இன்று யார் கையில் இருக்கிறது என்று கேட்டுத்தான் எடுத்தாள வேண்டும். பழைய ஒப்பந்தங்களிலும் இதே கண்ணி உண்டு. ஒப்பந்தம் எழுதிய நாளில் வழக்கில் இல்லாத ஊடகத்துக்கு, அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, உரிமை மாறியதாகக் கொள்ளக் கூடாது என்று 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். எண்பதுகளில் எழுதிய ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு மின்னூல் போடும் பதிப்பகம், எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ புதிதாக ஒரு தாள் வாங்கிக்கொள்வது நல்லது.

பார்வையற்ற வாசகரை நினைத்துச் செய்த மின்னூல் மற்ற எல்லாருக்கும் நல்ல மின்னூலாகவே அமையும் என்பது என் அனுபவம். தலைப்பு தலைப்பாகக் குறிக்கப்பட்டிருக்கும், படத்துக்கு விளக்கம் இருக்கும், மொழி தமிழ் என்று கோப்பிலேயே சொல்லியிருக்கும். இந்தக் கடைசியை விட்டுவிட்டால் வாசிக்கும் செயலி தமிழை ஆங்கிலக் குரலில் உளறும். பார்வையற்றோருக்கான நூல் வடிவங்களைப் பற்றிய மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில், 2014-இல், உறுதிசெய்த நாடு இந்தியா. அந்தப் பெருமைக்கு ஏற்ற தமிழ் நூல்கள் எத்தனை இருக்கின்றன என்று தேடினால் முகம் சுருங்கும்.

கடைசியில் எல்லாம் வந்து முட்டுவது கூலியில். மின்னூல் மாற்றத்துக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிக்கிறார்கள். அந்தத் தொகையில் மாற்றியை ஓட்டுவதும் பொதி கட்டுவதும் அடங்கும். அச்சுப் பிரதியோடு ஒத்துப் பார்ப்பது அடங்காது. ஈபப்செக் என்ற சோதனைக் கருவி பச்சை காட்டினால் வேலை முடிந்தது என்று கொடுத்துவிடுகிறார்கள். அந்தக் கருவிக்குப் பொதி ஒழுங்காகக் கட்டியிருக்கிறதா என்றுதான் தெரியும்; வௌ்ளி அதன் கண்ணில் படாது. மெய்ப்புப் பார்ப்பவருக்குத் தனிக்கூலி, அவர் கணினித் திரையில் அல்லாமல் கைபேசியிலும் கிண்டிலிலும் ஒருமுறை முழுதாகப் படிப்பதற்கு நேரம், வெளிவந்த பிறகு வாசகர் சொல்லும் பிழையைத் திருத்தி ஏற்றுவதற்கு ஒரு பொறுப்பாளர் என்று மூன்று செலவையும் தொடக்கத்திலேயே கணக்கில் எழுத வேண்டும். திருத்தி ஏற்றும்போது உரிமைப் பக்கத்தில் தேதியை மாற்றுவதும், அதே திருத்தத்தை அடுத்த அச்சுக்கான இன்டிசைன் கோப்பில் போட்டுவைப்பதும் அந்தப் பொறுப்பாளரின் வேலை.